கார்டு வந்தது, பிள்ளை வரவில்லை: வருகைப் பதிவு மெஷின் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் பள்ளியில் கார்டு காட்டினால் வருகை பதிவாகும் மெஷினை வாங்கலாம் என்று நிர்வாகத்திடம் பேசிச் சம்மதிக்க வைத்தவள் நான்தான். கணக்கு ஆசிரியை. காலையில் பெயர் கூப்பிட்டே முதல் பாடவேளையில் ஐந்தாறு நிமிடம் போய்விடும். மாதக் கடைசியில் ரெஜிஸ்டரைக் கூட்டிச் சதவீதம் போடுவது தனி வேலை. இதெல்லாம் தீரும் என்று நம்பினேன். ஒன்றரை வருடத்தில் என்ன நடந்தது என்று எழுதுகிறேன். விற்றவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே பொருளை இதே பேச்சோடு விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள். பெயரைச் சொன்னால் அவர்களை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்தவரிடம் போய் நிற்பீர்கள்.

முதலில் அந்த ஒரு நாளைச் சொல்லிவிடுகிறேன். காலை 8:41-க்கு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பாவுக்கு எஸ்எம்எஸ் போயிருக்கிறது: ‘தங்கள் மகள் பள்ளிக்குப் பாதுகாப்பாக வந்து சேர்ந்தார்.’ அவர் படித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பத்தரை மணிக்கு வகுப்பாசிரியை என்னிடம் வந்து, “டீச்சர், உங்க லிஸ்ட்ல இவ வந்திருக்கான்னு இருக்கு. கிளாஸ்ல பிள்ளையக் காணோமே” என்றார். நூலகம், கழிப்பறை, ஆய்வகம், மைதானம் எல்லா இடமும் தேடினோம். கடைசியில் அவள் அப்பாவே கண்டுபிடித்தார். பஸ்ஸைத் தவறவிட்டவள், கையில் வீட்டுச் சாவியும் இல்லாமல், பூட்டிய வீட்டு வாசலில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கார்டு முந்தின நாள் தோழியின் பைக்குள் போய்விட்டது. தோழி, ‘எப்படியும் வந்துவிடுவாள், லேட் என்று விழக்கூடாது’ என்று நினைத்து இரண்டு கார்டையும் மெஷினில் காட்டியிருக்கிறாள். பிள்ளை மனசு, வேறொன்றுமில்லை.

“உங்க மெசேஜைப் பார்த்துட்டுத்தானே டீச்சர் நான் நிம்மதியா இருந்தேன்” என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. மெஷின் வந்ததும் முதல் பாடவேளையில் பெயர் கூப்பிடும் பழக்கத்தை நாங்கள் நிறுத்தியிருந்தோம். நிறுத்தலாம் என்று சொன்னவளும் நான்தான். பழையபடி கூப்பிட்டிருந்தால் ஒன்பது மணிக்கே தெரிந்திருக்கும்.

அன்று மாலை விற்றவர்களுக்குப் போன் செய்தேன். “கார்டு காட்டினது கரெக்டா பதிவாகியிருக்கே மேடம், சிஸ்டத்துல தப்பே இல்லையே” என்று பதில் வந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த வாக்கியம் உண்மை. மெஷினுக்குத் தெரிவது ஒரு கார்டின் எண்ணும் நேரமும் மட்டும்தான். பிள்ளை வந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஆனால் ‘பாதுகாப்பாக வந்து சேர்ந்தார்’ என்று பெற்றோருக்கு எழுதி அனுப்பியது யார்? அந்த வாசகத்தை எழுதியதும் அவர்கள்தான். மாற்ற முடியுமா என்று தொடக்கத்திலேயே கேட்டதற்கு, ‘பெற்றோருக்கு இதுதான் பிடிக்கும்’ என்றார்கள்.

இதற்குப் பிறகுதான் நான் அந்தக் கார்டையே உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

டெமோவுக்கு வந்தவர் மூன்று விஷயங்கள் சொன்னார், என் டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்: உயர் பாதுகாப்பு ஸ்மார்ட் கார்டு, நகல் எடுக்கவே முடியாது, எண் முழுக்க மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டது. விலைப்புள்ளியில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. ‘ஆர்எஃப்ஐடி கார்டு’ என்று மட்டும் இருந்தது. ஆர்எஃப்ஐடி என்பது ரேடியோ அலையால் தொடாமலே படிக்கப்படும் கார்டுகளின் பெரிய குடும்பத்துக்குப் பெயர். 125 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் கார்டும் அதுதான், 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதும் அதுதான், பல மீட்டர் தள்ளி நின்றே படிக்கிற 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வகையும் அதுதான். ‘வண்டி தருகிறோம்’ என்று எழுதிக் கொடுத்தால் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் கேட்க முடியாதில்லையா, அப்படி.

எங்கள் கார்டில் பின்பக்கம் கீழே பொடி எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். என் கார்டில் முதலில் 0007868641, பக்கத்திலேயே 120,04321. இரண்டாவதுதான் மறையாக்கக் குறியீடு என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் ஆய்வகத்துக்கு வேறு இடத்தில் ஒரு ரீடர் (கார்டைப் படிக்கும் கருவி) வாங்கியபோது அது எங்கள் கார்டுகளுக்கு வேறு எண்ணைக் காட்டியது. ‘எங்கள் ரீடரால்தான் அந்தக் குறியீட்டை அவிழ்க்க முடியும்’ என்று சொல்லி அவர்களுடையதையே வாங்க வைத்தார்கள். ஒரு நாள் இரவு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அந்த எண்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். 120-ஐ 65,536-ஆல், அதாவது இரண்டின் பதினாறாம் அடுக்கால், பெருக்கினால் 78,64,320. அதோடு 4,321-ஐக் கூட்டினால் 78,68,641. முதல் எண் அப்படியே வந்துவிட்டது. மறையாக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே எண்ணை இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு ரீடர் முழு எண்ணாகக் காட்டும், இன்னொன்று இரண்டாகப் பிரித்துக் காட்டும், சிலது பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறை அடியாக வைத்து எழுதும் முறை) காட்டும். மென்பொருளில் ஒரு வரி மாற்றினால் அந்த ரீடரும் எங்கள் கார்டுகளோடு பொருந்தியிருக்கும். இருபது வருடமாகப் பத்தின் அடுக்கும் இரண்டின் அடுக்கும் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஒன்றரை வருடம் இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன் என்பதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

நகல் எடுக்க முடியாது என்ற பேச்சை உடைத்தது பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். அந்தச் சிறுமி விஷயம் தெரிந்த பிறகு தயங்கித் தயங்கி வந்தான். “டீச்சர், தப்பா நினைக்காதீங்க, உங்க கார்டக் கொஞ்சம் தர்றீங்களா?” பையிலிருந்து டிவி ரிமோட் அளவில் ஒரு கருவியை எடுத்தான். என் கார்டை அதன்மேல் வைத்து ஒரு பட்டனை அமுக்கினான். ஒரு பீப். அதை எடுத்துவிட்டு ஒரு வெள்ளைக் கார்டை வைத்து அடுத்த பட்டன். இன்னொரு பீப். பத்து வினாடிகூட ஆகவில்லை. இருவரும் வாசலுக்குப் போனோம். வெள்ளைக் கார்டைக் காட்டியதும் திரையில் என் பெயரும் என் போட்டோவும் வந்தன. அவன் திருட்டுத்தனம் செய்யவில்லை, எச்சரிக்கத்தான் வந்தான். அவனைத் தண்டிக்கக் கூடாது என்று தலைமையாசிரியரிடம் முதலிலேயே சொல்லி வைத்தேன்.

எங்களுக்குக் கொடுத்தது இஎம்4100 என்ற பழைய 125 கிலோஹெர்ட்ஸ் வகை. ரீடரின் அருகில் போனதும் தன் எண்ணைச் சத்தமாகச் சொல்லும், கேட்பது யார் என்று பார்க்காது. கடவுச்சொல்லோ, சாவி என்கிற ரகசிய எண்ணோ அதில் கிடையாது. அந்த எண்ணை டி5577 என்ற எழுதக்கூடிய சிப்பில் ஏற்றிவிட்டால் சாதாரண ரீடரால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கார்டு மோசம் என்று நான் சொல்லவில்லை. சைக்கிள் ஷெட் கதவுக்கு இது போதும். பிள்ளைகள் பத்திரமாக வந்தார்கள் என்று பெற்றோருக்கு உறுதி சொல்ல இதை விற்றதுதான் அநியாயம்.

நீங்கள் உங்கள் கார்டைச் சோதிக்க எந்த நிபுணரும் வேண்டாம். என்எஃப்சி (கார்டை அருகில் வைத்தால் படிக்கும் வசதி) உள்ள போனில் அதை இயக்கிவிட்டுக் கார்டைப் பின்பக்கம் வையுங்கள். என்எஃப்சி வேலை செய்வது 13.56 மெகாஹெர்ட்ஸில், அதனால் 125 கிலோஹெர்ட்ஸ் கார்டை வைத்தால் போன் அசையாது. மெல்லிய வெள்ளைக் கார்டாக இருந்தால் போன் டார்ச்சின் மேல் பிடித்துப் பாருங்கள். தலைமுடி போன்ற கம்பி நெருக்கமாகச் சுற்றிய வட்டச் சுருள் தெரிந்தால் பெரும்பாலும் பழைய வகை. ஓரத்தை ஒட்டி நாலைந்து சுற்று மட்டும் செவ்வகமாக ஓடினால் பெரும்பாலும் 13.56.

அதற்காக ‘13.56’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அந்த வகையில் அதிகம் புழங்குவது மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு. அதன் 48 பிட் சாவி கொண்ட மறையாக்க முறையை 2008-லேயே நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். டெஸ்ஃபயர் போன்ற, ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்க முறை உள்ள கார்டுகள் உண்டு, அவை உறுதியானவை. ஆனால் இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: விலை உயர்ந்த கார்டைக் கொடுத்துவிட்டு, ரீடர் அதன் வரிசை எண்ணை மட்டும் படித்தால் உள்ளே இருக்கும் மறையாக்கம் ஒருமுறைகூடப் பயன்படாது. வரிசை எண்ணை மாற்றி எழுதக்கூடிய வெற்றுக் கார்டுகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: “உங்கள் ரீடர் கார்டில் எதைப் படிக்கிறது, வரிசை எண்ணையா, சாவியால் பூட்டிய பகுதியையா?” பதிலை விலைப்புள்ளியில் சிப்பின் பெயரோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் தோழி காட்டிய இரண்டாவது கார்டை எந்த மறையாக்கமும் தடுத்திருக்காது. அதற்கு வகுப்பில் ஒரு ஆசிரியர் தலை தூக்கிப் பார்க்க வேண்டும்.

வரிசை விஷயம் சுருக்கமாக. டெமோவில் ஒரே ஆள் ஒரு கார்டைக் காட்டினார், உடனே பதிவானது, கை தட்டினோம். எங்களுக்கு 640 பிள்ளைகள், இரண்டு மெஷின். ஒரு கார்டுக்கு மூன்று வினாடி போட்டோவும் பெயரும் காட்டிய பிறகுதான் மெஷின் அடுத்ததை வாங்கும். ஒரு மெஷினுக்கு 320 பேர், 960 வினாடி, அதாவது 16 நிமிடம், ஒருவர்கூடத் தடுமாறாமல் இருந்தால். பெரும்பாலானோர் வருவது கடைசிப் பத்து நிமிடத்தில். முதல் வாரமே லேட் ஆனவர்கள் பட்டியலில் பாதிப் பள்ளி இருந்தது.

இதைப் புகாராகச் சொன்னபோது, கார்டைக் காட்டவே வேண்டாம், வாசலில் நடந்தாலே பதிவாகும் என்று அந்தத் தொலைதூர வகையை விற்கப் பார்த்தார்கள். நல்ல வேளை, அதற்குள் கொஞ்சம் படித்திருந்தேன். அந்த அலைவரிசையை மனித உடம்பில் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்ளும். கார்டு உடம்போடு ஒட்டி இருந்தாலோ உலோகத் தண்ணீர் பாட்டிலை ஒட்டி இருந்தாலோ படிப்பது தவறும். பிள்ளைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நுழையும் வாசலில் எத்தனை பேர் விடுபடுவார்கள் என்று எழுதித் தரச் சொன்னேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

கடிகாரக் கதையை விட்டுவிட முடியாது. ஒரு சனி ஞாயிறு கரண்ட் இல்லை. திங்கள் காலையில் மெஷின் ஓடியது, பீப் சத்தமும் வந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாலையில் பட்டியலை எடுத்தால் திங்கள்கிழமை முழுப் பள்ளியும் ஆப்சென்ட். அன்றைய பதிவுகள் எல்லாம் 01-01-2000 என்ற தேதியில் கிடந்தன. பெற்றோர்களுக்கு ‘வரவில்லை’ என்று மெசேஜ் போய், ஆபீஸ் போன் ஓயவே இல்லை. எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தார். பலகையில் கடிகாரச் சிப் இருந்தது, பக்கத்தில், கரண்ட் இல்லாதபோது அந்தக் கடிகாரத்தை ஓட வைக்கும் காசு வடிவ பேட்டரிக்கான குழி இருந்தது. குழி காலி. தூசிகூட வட்டமாக ஒதுங்கவில்லை, வாங்கிய நாளிலிருந்தே அதில் பேட்டரி இருந்ததில்லை. ஒன்றரை வருடமாகக் கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய், பிறகு இணையம் வந்தால் சர்வரிடம் நேரம் கேட்டுச் சரியாகியிருக்கிறது. அன்று இணையமும் இல்லை. டெமோவின்போது பிளக்கைப் பிடுங்கி, இணையத்தையும் துண்டித்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டுத் தேதியைப் பாருங்கள். வேறு எந்தக் கேள்வியும் கேட்காவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

கடைசியாக, பிள்ளைகளின் விவரங்கள். போட்டோ, ரத்த வகை, வீட்டு முகவரி, பெற்றோர் எண், தினமும் எத்தனை மணிக்கு வாசலைக் கடக்கிறார்கள் என்பது வரை எல்லாம் அவர்கள் சர்வரில். பெற்றோர் பார்க்கும் இணையப் பக்கத்தில் முகவரிப் பட்டையின் கடைசி எண்ணை ஒன்று கூட்டினால் அடுத்த பிள்ளையின் பக்கம் திறக்கிறது என்று ஒரு அம்மா காட்டினார். எனக்குக் கை நடுங்கியது. சொல்லி மூன்று வாரம் கழித்துத்தான் அடைத்தார்கள். தேவையே இல்லாத விவரங்களை ஏன் கொடுத்தோம் என்று எங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வருகை போட ரத்த வகை எதற்கு?

இப்போது எங்கள் பள்ளியில் மெஷின் ஓடவில்லை. முதல் பாடவேளையில் பெயர் கூப்பிடுகிறோம், வராதவர்களின் பட்டியல் 9:10-க்குள் ஆபீஸுக்குப் போகிறது, அங்கிருந்து ஒரு ஆள் பெற்றோருக்குப் போன் செய்கிறார். மறுபடி கார்டு முறை வந்தாலும் இதை விடமாட்டோம்.

ஏற்கெனவே இப்படி ஒரு ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் உங்கள் வருகைப் பதிவுகளை எக்செல் வடிவில் இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கப் போவதில்லை என்று நாங்கள் கடிதம் கொடுத்த அன்று இரவே எங்கள் லாகின் பூட்டப்பட்டது. ஒரு மாதம் கெஞ்சிய பிறகு பிடிஎஃப்பாக அனுப்பினார்கள், 412 பக்கம், படமாக ஸ்கேன் செய்தது. நானும் இன்னும் இரண்டு ஆசிரியைகளும் விடுமுறையில் உட்கார்ந்து அதைக் கையால் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். இன்னும் 90 பக்கம் பாக்கி.