ஜெர்ம் டியூபா, குரோம் அகாரா?
நோயாளியிடமிருந்து வளர்ந்த கேண்டிடா பூஞ்சை எந்த இனம் என்று அறிய இரண்டு வழிகள். முதலாவது ஜெர்ம் டியூப் சோதனை: பூஞ்சைச் செல்லிலிருந்து குழாய் முளைக்கிறதா என்று பார்ப்பது. ஏற்காட்டுக் குளிரில் மேசைமேல் விட்டால் முளைக்காது. 37 டிகிரி சூடு கட்டாயம். 0.5 மில்லி சீரத்தில் (இரத்தத்தின் தெளிந்த நீர்) காலனியை (தட்டில் வளர்ந்த பூஞ்சைத் திட்டு) லேசாகத் தொட்டுக் கலக்குங்கள். அதிகம் அள்ளினால் முளைப்பு குறையும். 2 முதல் 3 மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியில் பாருங்கள்: முளைத்த குழாய் செல்லோடு சேரும் அடியில் ஒடுக்கம் இல்லையென்றால் கேண்டிடா அல்பிகன்ஸ் (டப்ளினியென்சிஸ் என்ற இனமும் இப்படித்தான் முளைக்கும்). நேரம் கடந்தால் டிராபிகாலிஸ் என்ற இன்னொரு இனமும் முளைத்ததுபோலத் தோன்றி ஏமாற்றிவிடும். செலவு குறைவு. முளைக்காதது எந்த இனம் என்பது மட்டும் தெரியாது.

இரண்டாவது குரோம் அகார், காலனிக்கு இனத்துக்கேற்ற நிறம் தரும் வளர்ப்பு ஊடகம். அதற்கு விலை கூடுதல், 48 மணி நேரக் காத்திருப்பு வேறு. அல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் உலோக நீலம், குருசெய் சொரசொரத்த இளஞ்சிவப்பு. கலப்புத் தொற்றும் பிடிபடும்.

சேலத்து லேபில் அவசரத்துக்கு முதலாவது போதும். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு நோய் கேட்காமல் திரும்பி வருபவருக்கு இரண்டாவதுதான்: குருசெய் அந்த மருந்துக்கு இயல்பிலேயே மசியாது. மற்ற இனங்களின் எதிர்ப்பை நிறம் காட்டாது. 25 மைக்ரோகிராம் ஃப்ளூகோனசோல் உள்ள வில்லையை வளர்ப்புத் தட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.