பெயிண்ட் வாளி மேல் ஒரு சைக்ளோன்: வீட்டுப் பட்டறைக்கு வாங்கலாமா?

எம்டிஎஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) சாண்டர் எனும் தேய்ப்புக் கருவியை ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே வாக்குவம் கிளீனரின் இழுவை குறைந்துவிடும். மோட்டாரில் கோளாறு இருக்காது. ஃபில்டர் மடிப்புகளில் நுண்தூள் அப்பியிருக்கும். சாண்டருக்கும் கிளீனருக்கும் நடுவில், ஒரு வாளியின் மூடிமேல் பொருத்தி வைக்கும் பிளாஸ்டிக் சைக்ளோன் கூம்பு இதற்குச் சரியான மருந்து. பக்கவாட்டில் நுழையும் காற்று உள்ளே சுழல்கிறது, தூள் சுவரில் மோதி வாளிக்குள் சரிகிறது, காற்று மட்டும் நடுக்குழாய் வழியே மேலேறுகிறது. பெரும்பகுதித் தூள் வாளியிலேயே தங்கிவிடும்.

கூம்பு நன்றாக இருந்தும் பலருக்குச் சரியாக வேலை செய்யாததற்குக் காரணம் வாளிதான். 20 லிட்டர் பெயிண்ட் வாளி போதும், ஆனால் காற்று துளிகூடக் கசியக் கூடாது. மூடியிலோ போல்ட் துளையிலோ கசிந்தால், உள்ளே புகும் காற்று விழுந்த தூளைத் திரும்பக் கிளப்பி நேரே ஃபில்டருக்கு அனுப்பிவிடும். கூம்பின் அடித்தட்டுக்குக் கீழே ஃபோம் வாஷர், போல்ட்டுகளைச் சுற்றி சிலிக்கோன் பசை, மூடியின் ரப்பர் வளையம் இந்த மூன்றையும் பாருங்கள். வாளியில் தூள் சேருமுன், கிளீனரை ஓடவிட்டு ஊதுபத்திப் புகையை மூடி ஓரமாகச் சுற்றிக் காட்டுங்கள். புகை எங்கே உள்ளே இழுபடுகிறதோ, அங்கே கசிவு.

அடுத்த தொல்லை, ஹோஸ் அடைத்தால் வாளி நசுங்கிப்போவது. ஒரு வாளிக்குள் இன்னொன்றைச் செருகிவிட்டால் சுவர் இரட்டிப்பாகும். உள்ளே 12 மி.மீ. பிளைவுட் வளையம் ஒன்றை இறுக்கி வைத்தால் இன்னும் நல்லது. வாளியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்ப விடாதீர்கள். அதற்கு மேல் போனால் சுழலும் காற்று தூளை அள்ளிக்கொண்டு போகும்.

ஹோஸ் முனையும் சாண்டர் வாயும் பொருந்தாவிட்டால் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை இழுத்து மாட்டினால் போதும். ஹோஸ் நீளத்தையும் வளைவையும் எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு இழுவை மிஞ்சும்.

சாண்டர், ரவுட்டர் (மரத்தில் பள்ளமும் விளிம்பும் வெட்டும் கருவி), கை வட்ட ரம்பம் இவற்றுக்குத் தயங்காமல் வாங்கலாம். பலகையை ஒரே தடிமனுக்குச் சீவும் திக்னஸ் பிளேனருக்கு வேண்டாம். அதன் நீளச் சீவல்கள் 35 மி.மீ. ஹோஸில் குறுக்கே நின்று அடைத்துக்கொள்ளும். அதற்கு 4 அங்குலக் குழாயும், நிறையக் காற்றைத் தள்ளும் தனி புளோயரும் வேண்டும். வாக்குவம் கிளீனர் இறுக்கி இழுக்கும், ஆனால் காற்றின் அளவு குறைவு. சைக்ளோன் அதை மாற்றாது.

மிக நுண்ணிய தூள் சைக்ளோனைத் தாண்டிப் போகத்தான் செய்யும். நுரையீரலுக்குள் இறங்குவதும் அதுதான். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே சேர்த்துவிட்டது. அதனால் கிளீனரில் நுண்தூளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர், முகத்தில் என்95 மாஸ்க் இரண்டும் கட்டாயம். வாளியைக் கொட்டும்போதும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். காற்று எதிரே வீசாத பக்கமாக நின்று, வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள்.