வேருக்கு வாங்கலாம், வட்டுக்கு வேண்டாம்: முக்காலி லேசர் ஸ்கானர், நீண்டநாள் பாவனையில்

முக்காலியில் வைத்துச் சுழலவிட்டால் சுற்றிவரக் கதிர் விட்டு, அது பட்ட இடங்களையெல்லாம் முப்பரிமாணப் புள்ளிகளாகப் பதியும் ஒரு கிலோ அளவான லேசர் ஸ்கானர் யாழ்ப்பாணத்துக் கண்டலுக்கும் பனங்கூடலுக்கும் எவ்வளவு உதவும்? நிலத்திலிருந்து இரண்டு மூன்று மீற்றர் வரை இதற்கு இணையில்லை. பனை வட்டை, அதாவது உச்சியில் ஓலை விரிந்திருக்கும் தலையை, அளக்கத்தான் என்றால் காசு வீண்.

காரணம் காற்று. ஒரு சுற்று முடிய மூன்று நிமிடம் பிடிக்கும். சோளகம் எழும்பிவிட்டால் ஒரே ஓலை, கருவியை நிறுத்தும் ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் வேறு வேறு இடத்தில் பதிவாகும். இணைத்துப் பார்க்க ஒரு வட்டில் இரண்டு வட்டு ஓலை இருக்கும். காற்று விழுந்திருக்கும் விடியற்காலையை விட்டால் வேறு நேரம் இல்லை. அடிமரமும் லேசுப்பட்டதல்ல. வழக்கம்போல 1.3 மீற்றர் உயரத்துப் புள்ளிகளில் மெல்லிய துண்டெடுத்து வட்டம் பொருத்தினால், அடிப்பருமனும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய மட்டையும் தொங்கும் காவோலையும் சேர்ந்து விட்டத்தை ஊதிவிடும். 2.5, 3 மீற்றரிலும் துண்டெடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கண்டலில்தான் கருவி சம்பளத்துக்கு வேலை செய்கிறது. சரசாலை, மண்டைதீவு போன்ற இடங்களில் தாங்குவேர்ப் பின்னலை நாடாவால் அளக்க வழியே இல்லை. ஆனால் ஒரு வேர் அடுத்ததை மறைக்கும். 20 × 20 மீற்றர் பனங்கூடலுக்கு 10 மீற்றர் இடைவெளியில் 9 நிலையம் போதும். கண்டலுக்கு 5 மீற்றர், அதாவது 25 நிலையம். சேற்றில் இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு காலைப்பொழுது முழுக்கப் போய்விடும்.

சுற்று முடியுமுன்னே முக்காலியின் கால் சேற்றில் புதைவதுதான் அடிக்கடி நடக்கும் கேடு. சிரட்டை கவிழ்த்து வைத்தால் சரிந்துவிடும். 20 சென்ரிமீற்றர் சதுரப் பலகைத் துண்டு மூன்று கொண்டுபோங்கள். கால் வைத்தபின் இரண்டு நிமிடம் பொறுத்து, மட்டம் பார்த்துத் தொடங்குங்கள். நிலையங்களை இணைக்க 15 சென்ரிமீற்றர் ரெஜிபோம் உருண்டை தாராளம். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கும் குறைந்தது மூன்று உருண்டை பொதுவாகத் தெரியவேண்டும், அவை ஒரே கோட்டில் நிற்கக்கூடாது. உருண்டையைக் கொப்பில் கட்டாதீர்கள், கொப்பு ஆடும். தடி ஊன்றி அதில் குத்துங்கள்.

தண்ணீர் செய்யும் வேலை தனி. சாய்வாக விழும் கதிர் நீரில் பட்டுத் தெறித்துப் போய்விடுவதால் நீர்ப்பரப்பு பெரும்பாலும் வெறும் ஓட்டை. நீர் அசையாமல் கிடந்தால் இன்னும் மோசம்: கதிர் கண்ணாடியில் பட்டதுபோல மேலே திரும்பி இலையைத் தொட்டு வரும், கருவியோ அந்த இலையை நிலத்துக்குக் கீழே தலைகீழாக வரையும். புள்ளிகளைக் கையாளும் மென்பொருளான கிளவுட்கொம்பேரில், புள்ளிகளைத் தலைகீழாக்கித் துணி போர்த்துவதுபோல நிலத்தைப் பிரிக்கும் துணி வடிகட்டி இந்தப் பேய்ப்புள்ளிகளில் போய்த் தொங்கி, நிலமே ஒரு மீற்றர் இறங்கிவிடும். முதலில் அவற்றைக் கையால் வெட்டி எறியுங்கள். அதே வடிகட்டியில், துணியிலிருந்து எவ்வளவு தூரம் வரை நிலம் என்று கொள்ளும் எல்லை 0.5 மீற்றர் என்றே இருந்தால் கண்ணா மரத்து மூச்சுவேர் அவ்வளவும் நிலமாகிவிடும், 0.05 வரை இறக்கவேண்டும். வேர்க்கூட்டம் அடர்ந்த இடத்தில் அதுவும் ஏமாற்றும். சேற்றின் உயரத்தைக் கோலால் பத்துப் பதினைந்து இடத்தில் அளந்து வைத்திருங்கள்.

இலைப்பரப்புக்கு ஒரு சுருக்குவழி உண்டு. தலைக்கு நேர்மேலிருந்து 57.5 பாகை சாய்வில் இலைச்சாய்வு கணக்கை அவ்வளவாகக் கெடுக்காது. அந்தக் கோணத்தில் தடைபடாமல் போன கதிரின் பங்கின் இயற்கை மடக்கையை −1.1 ஆல் பெருக்கினால் இலைப்பரப்புச் சுட்டெண், அதாவது ஒரு சதுர மீற்றர் நிலத்துக்கு எத்தனை சதுர மீற்றர் இலை என்ற எண், வரும்: பத்திலொன்று தப்பினால் ஏறக்குறைய 2.5. இதில் தண்டும் கொப்பும் அடக்கம், ஆகவே இலை மட்டும் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

கையில் பிடித்து நடக்கும் வகை வேகமானது, ஆனால் அதன் புள்ளிகள் ஓரிரு சென்ரிமீற்றர் சிதறும். 10 சென்ரிமீற்றருக்குக் குறைந்த தண்டெல்லாம் தடித்துத் தெரியும். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து முடிக்காவிட்டால் பாதை விலகிப் பிழைக்கும்.

கடல்காற்று உப்பைக் கருவியின் கண்ணாடியில் படலமாகப் படிய வைக்கும். கருவிக்கு மிக அருகே புகைபோல் புள்ளிகள் தெரிந்தால் அதுதான். சாரத்தாலோ துவாயாலோ துடைத்தால் உப்புமணி கீறிவிடும். முதலில் ஊதுகுமிழால் ஊதி, காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த லென்ஸ் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். முக்காலித் திருகாணிகளையும் அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.