உப்புக்காற்றில் ஒரு காக்பிட்: பின்னொளி பேனலுக்கு எந்த வழி?

வீட்டில் விமான சிமுலேட்டர் காக்பிட் கட்டுகிறவர்களுக்கு யோக் எனும் திசைதிருப்பும் பிடி, த்ராட்டில், ரடர் பெடல் எல்லாம் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். இழுத்தடிப்பது சுவிட்சுகளும் எழுத்துகளும் இருக்கும் பேனல்தான். அறை விளக்கை அணைத்ததும் சாம்பல் தட்டு மறைந்து எழுத்துகள் மட்டும் இளமஞ்சளாக ஒளிர வேண்டும். அதற்கான செய்முறைகள் இணையத்தில் நிறையவே கிடக்கின்றன. ஆனால் அவை ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலோ மண்டபத்திலோ கீழக்கரையிலோ உட்கார்ந்திருப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. 2025-ல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள் என்றால், நம் வீட்டு மாடியில் இருக்கும் பத்து ரூபாய் சுவிட்சின் கதியை யோசித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவில் எல்லா வழியும் அழகாகத்தான் தெரியும். ஒரு வாடைக் காலம் கழிந்த பிறகு எது மிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. உங்களுக்குப் பின்னொளி உண்மையிலேயே வேண்டுமா? பழைய செஸ்னா 172-ல் மேலிருந்து விழும் சிவப்பு விளக்கில்தான் மீட்டர்களைப் படிப்பார்கள். அதைக் கட்டுவதென்றால் இந்தத் தொல்லையில் பாதி இல்லை. போயிங் 737-ன் தலைக்கு மேலுள்ள பேனல் வேண்டும் என்பவர்கள் மட்டும் தொடர்ந்து படியுங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளத்திலிருந்து கிளம்பும் டார்னியர் விமானத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அதையே கட்ட நினைப்பவர்களும் உண்டு. ஆனால் அளவோடு கிடைக்கும் படங்களும் வரைபடங்களும் 737-க்குத்தான் அதிகம்.

அசல் விமானத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் தேர்வு சுலபம். அங்கே இருப்பது ஒரு அக்ரிலிக் தட்டு. அதன் மேல் ஒளி ஊடுருவும் வெள்ளை, அதற்கு மேல் ஒளியை அடைக்கும் கறுப்பு, எல்லாவற்றுக்கும் மேல் சாம்பல். எழுத்து வரும் இடத்தில் மேலிரண்டு பூச்சுகளை மட்டும் சுரண்டி எடுக்கிறார்கள். பகலில் வெள்ளை எழுத்து, இரவில் தட்டுக்குள் இருக்கும் 5 வோல்ட் குட்டி பல்புகளால் ஒளிரும் எழுத்து. நம்மிடம் இருக்கும் வழிகள் எல்லாமே இந்த மூன்று பூச்சுகளை எப்படிப் போலி செய்வது என்பதில்தான் வேறுபடுகின்றன.

மலிவான வழி ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் பேனர் அடிக்கிற அதே கடையில் குளோ சைன் போர்டுக்கான பேக்லிட் ஷீட்டில் அடித்துத் தருவார்கள், காத்திருந்து வாங்கி வரலாம். சிக்கல் கறுப்பில் இருக்கிறது. ஒரு தடவை அடித்த கறுப்பு மை ஒளியை முழுதாக அடைக்காது. விளக்கைப் போட்டதும் பேனல் முழுவதும் பழுப்பாகக் கசியும். இரண்டு பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் கசிவு குறையும், ஆனால் சற்றுச் சாய்ந்து பார்த்தால் எழுத்துக்கு இரட்டை விளிம்பு தெரியும். பிளாட்டர் எனும் வெட்டும் மெஷினில் கறுப்பு வினைல் ஸ்டிக்கர் வெட்டலாமே என்றால், 3 அல்லது 4 மில்லிமீட்டர் உயர எழுத்துகளில் நடுவட்டங்கள் பிய்ந்துகொண்டு வந்துவிடும். நம்மூர் வெயிலில் பசை வேறு ஓரத்தில் கசிந்து தூசியைப் பிடிக்கும். ஆனாலும் இந்த வழியை நான் ஒதுக்கமாட்டேன். முழு பேனலையும் அசல் அளவில் அடித்து அட்டையில் ஒட்டி, நாற்காலியில் அமர்ந்து கை எட்டுகிறதா, கழுத்து வலிக்கிறதா என்று பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது.

இரண்டாவது, பெயர்ப்பலகைக் கடைகளில் இருக்கும் இரட்டை வண்ணத் தகடு. மேல் தோலைச் செதுக்கினால் உள்ளிருக்கும் நிறம் தெரியும். பெயிண்ட் வேலையே இல்லை, உப்பும் ஒன்றும் செய்யாது. ஆனால் வழக்கமான தகட்டின் உள்பகுதி ஒளியை விடாது. ஒளி விடும் வெள்ளை உள்பகுதி கொண்ட தகடு என்று தனியாகக் கேட்டு வரவழைக்க வேண்டும். கடையில் இருப்பது பெரும்பாலும் தங்கம்-கறுப்பு, வெள்ளி-கறுப்பு. விமானச் சாம்பல் கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பின்னொளி தேவைப்படாத சர்க்யூட் பிரேக்கர் பலகைக்கு இது போதும், மற்றதற்கு வேண்டாம்.

3டி பிரிண்ட்டை இப்போது எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். முகப்பைக் கீழே வைத்து, எழுத்தை வெள்ளை இழையிலும் சுற்றுப்புறத்தைக் கறுப்பிலும் அச்சிட்டு, கடைசியில் சாம்பல் பூசலாம். தட்டையும் சுவிட்ச் பெட்டியையும் ஒரே துண்டாக எடுக்கலாம் என்பது பெரிய வசதி. எழுத்துதான் சோதனை. உருகிய இழை வெளிவரும் முனையான நாசில், வழக்கமான 0.4 மில்லிமீட்டராக இருந்தால் ஒரு கோட்டின் அகலமே சின்ன எழுத்தின் தடிமன் அளவுக்கு வந்துவிடுகிறது. ஆங்கில 'B'-யும் '8'-ம் ஒன்றுபோல் தெரியும். 0.2 நாசில் போட்டால் தெளிவு வரும், ஆனால் நேரம் பல மடங்கு ஆகும். இழை ஈரத்தை உறிஞ்சும் பொருள். கடலோர வீட்டில் சுருளைத் திறந்து வைத்தால் அச்சிடும்போது பொரிந்து நூல் நூலாக இழுக்கும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பா கட்டாயம். பிஎல்ஏ வகை இழை 60 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பித்துவிடும், ஆகவே தகரக் கூரை அறையில் பிஇடிஜி வகை இழைதான் பாதுகாப்பு. அச்சான துண்டை உப்பு தொடாது என்பது இதன் பலம். சின்ன பேனல்களுக்கும் திருகுக் குமிழ்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

நான்காவதுதான் என் தேர்வு: பெயிண்ட் அடித்த அக்ரிலிக்கை லேசரில் செதுக்குவது. 3 மில்லிமீட்டர் பால்வெள்ளை காஸ்ட் அக்ரிலிக் வாங்கினால் அடிப்பூச்சு வெள்ளையே தேவையில்லை, தட்டே அந்த வேலையைச் செய்துவிடும். கறுப்பு ஸ்ப்ரே, அதன்மேல் சாம்பல் மேட், அவ்வளவுதான். கறுப்பைத் தவிர்த்துவிட்டுச் சாம்பலை மட்டும் கனமாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். இருட்டில் அந்தப் பேனல் முழுவதுமே மங்கலாக ஒளிரும், பிறகு திருத்த முடியாது.

இந்த வழிக்கு நம் கரையில் எதிரி காற்றுதான். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். ஆடிக் காற்றில் மொட்டைமாடியில் ஸ்ப்ரே அடித்தால் பேனலில் பெயிண்ட்டைவிட மணல்தான் அதிகம் ஒட்டும். வாடைக் காலத்தில் வேறு பிரச்சினை. ஈரம் கூடிய காற்றில் லாக்கர் வகைப் பெயிண்ட் காயும்போது பால் போல வெளுத்துவிடும். முன்பகலில் வெயில் ஏறி ஈரம் குறைந்த பிறகு, கதவு சாத்திய அறையில் மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும், முகமூடியோடு. தட்டை முதல் நாளே கழுவி வெளியில் வைத்தால் இரவிலேயே கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் படிந்துவிடும். அதன்மேல் அடித்த பெயிண்ட் சில மாதங்களில் கொப்புளமாக எழும். ஆகவே சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மறுபடி கழுவி, காய்ந்த கையோடு அடித்துவிடுங்கள்.

லேசர் எது? ரப்பர் ஸ்டாம்ப், கோப்பை-ஷீல்டு செய்யும் கடைகளில் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு லேசர் இருக்கும். அதன் 10.6 மைக்ரான் ஒளியை அக்ரிலிக் அப்படியே உள்வாங்கும், எனவே செதுக்கவும் வெட்டவும் ஒரே மெஷின் போதும். வீட்டுக்கு வாங்கும் நீல டயோடு லேசர் கறுப்புப் பெயிண்ட்டைச் சுரண்டும், வெளிர் சாம்பலில் தடுமாறும், நிறமற்ற அக்ரிலிக்கை வெட்டவே வெட்டாது, ஒளி உள்ளே புகுந்து போய்விடும். ஒரே ஒரு காக்பிட்டுக்காக டயோடு வாங்குவதைவிடக் கடைக்குப் போவது மேல். எழுத்துகளை கர்வ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றி கோரல் டிரா ஃபைலாகக் கொண்டுபோனால் கடைக்காரருக்கும் வேலை மிச்சம். ஓரத்தில் ஒரு துண்டு அக்ரிலிக்கில் அதே பெயிண்ட்டை அடித்துக் கொண்டுபோய், வேகத்தையும் சக்தியையும் அதில் சோதித்துவிட்டுப் பேனலில் கை வையுங்கள். செதுக்கிய பின் கரியைத் துடைக்க ஸ்பிரிட்டையோ தின்னரையோ தொடாதீர்கள். லேசர் வெட்டிய ஓரங்களில் நுண்விரிசல் ஓடிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். இன்னொன்று, சன்போர்டு, வினைல் போன்ற பிவிசி சரக்கை லேசரில் வைக்கக் கூடாது. அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் மெஷினுக்கும் கேடு.

ஒளிக்கு வருவோம். 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், தனித்தனி எல்இடி, ஒவ்வொன்றையும் தனியாக நிறம் மாற்றக்கூடிய 'அட்ரஸபிள்' எல்இடி என்று மூன்று வழி. மூன்றாவதை உடனே தள்ளிவிடலாம். சிவப்பு, பச்சை, நீலம் கலந்து வரும் வெள்ளை அசல் பல்பின் இதமான மஞ்சளுக்குக் கிட்டவே வராது, மங்கலாக்கும்போது படிப்படியாகத் தாவுவதும் கண்ணுக்குத் தெரியும். தனி எல்இடிகளை எழுத்துக்கு நேர் பின்னால் வைத்தால் ஒளி சிக்கனமாகச் சேரும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பற்றவைப்பு. ஒவ்வொரு பற்றவைப்பும் உப்பு நுழைய ஒரு வாசல். அதனால் ஸ்ட்ரிப்தான், அதுவும் சிலிக்கான் பூசிய வார்ம் வொயிட். மீட்டருக்கு 60 எல்இடி உள்ளதில் இடைவெளி 16 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். தட்டுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் குறைந்தது அதே தூரம் விட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியாது. மீட்டருக்கு 120 உள்ளதை வாங்கினால் பெட்டியின் ஆழம் பாதியாகும். வெட்டிய முனையில் செம்பு வெளியே தெரியும். அங்கே பற்றவைத்துவிட்டு சிலிக்கான் வைத்து அடைக்காவிட்டால் பச்சை பூத்து, முதலில் மினுங்கி, பிறகு அணையும்.

மங்கலாக்க ஆர்டுயினோ எனும் குட்டிக் கட்டுப்பாட்டு போர்டும், அதன் சிக்னலில் வேலை செய்யும் மின்னணு சுவிட்சான ஒரு லாஜிக் லெவல் மாஸ்ஃபெட்டும் போதும். ஆர்டுயினோ பின்னிலிருந்து நேரடியாக ஸ்ட்ரிப்பை ஓட்டக் கூடாது, ஒரு பின் தாங்குவது 20 மில்லி ஆம்பியர்தான். ஆர்டுயினோ மெகாவில் 54 டிஜிட்டல் பின்கள் இருப்பதால், மோபிஃப்ளைட் என்ற இலவச மென்பொருளோடு ஒரு பேனலுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கும் எக்ஸ்-பிளேனுக்கும் சரியாகும். ஜாய்ஸ்டிக் செய்யப் பயன்படும் மலிவு யூஎஸ்பி போர்டுகள் பொத்தானைப் படிக்கும், சிமுலேட்டர் சொல்வதைக் கேட்டு எச்சரிக்கை விளக்கைப் போடாது. ஆகவே ஒப்பீட்டுக்கே இடமில்லை.

சுவிட்சில்தான் கடலோரத்துக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பேனல் பளபளவென்று இருக்கும், லேண்டிங் லைட் சுவிட்சைத் தட்டினால் ஒரு தடவை பிடிக்கும், ஒரு தடவை பிடிக்காது. ஆர்டுயினோவுக்குள் பின்னை 5 வோல்ட்டோடு இணைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் வழியாக ஓடுவது கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவு. சுவிட்ச் முனையில் படிந்த ஆக்சைடை உடைக்க அந்த மின்சாரம் போதாது. பெரிய டாகிள் சுவிட்சுகள் வெள்ளி முனையோடு, அதிக மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. இரண்டு வழி: தங்கமுலாம் பூசிய முனையுள்ள, மூடிய உடல் கொண்ட சுவிட்சை வாங்குவது, அல்லது மலிவு சுவிட்சையே வைத்துக்கொண்டு 5 வோல்ட்டிலிருந்து அந்தப் பின்னுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வெளியே போடுவது. சுவிட்ச் மூடும்போது 5 மில்லி ஆம்பியர் ஓடி முனையைச் சுத்தமாக வைத்திருக்கும். கீழக்கரைப் பக்கம் வளைகுடாவிலிருந்து மச்சான் யாராவது வருகிறார் என்றால் முதல் வழி, இல்லையென்றால் ரெசிஸ்டர் வழி. நான் ரெசிஸ்டர் கட்சி. ஒரேயடியாக நாற்பது சுவிட்சுகளை அப்படி ஓட்டினால் மட்டும் யூஎஸ்பியின் 500 மில்லி ஆம்பியரில் 200 அதற்கே போய்விடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

மின்சாரத்துக்குப் பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையைப் போடுவது பலருக்குப் பிடித்த சிக்கனம். 12-ம் 5-ம் ஒரே பெட்டியில் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அதன் ஃபேன் நாள் முழுக்க உப்புக்காற்றை உள்ளே இழுத்துச் சர்க்யூட்டில் பூசும். ஃபேன் இல்லாத, மூடிய 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் கொஞ்சம் விலை கூட, இங்கே அதுதான் சரி.

சட்டகத்துக்கு எம்டிஎஃப் பலகை வேண்டாம், மழைக்காலத்தில் ஓரம் உப்பிவிடும். ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் நம் பக்கம் தேடி அலையாமல் கிடைக்கும், அதை அறுத்துப் பொருத்தத் தெரிந்த படகுத் தச்சர்களும் இருக்கிறார்கள். திருகாணியை மட்டும் ஜிஐ-யில் (துத்தநாகம் பூசிய இரும்பில்) வாங்காமல் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ்ஸில் வாங்குங்கள். வளைந்த பக்கச் சுவர்கள் வேண்டுமென்றால் ஃபைபர் வள்ளம் செய்கிற பட்டறையில் கேட்டுப் பாருங்கள், அச்சு மட்டும் நீங்கள் செய்து கொடுத்தால் போதும். விலையைப் பேசும்போது இது விமானத்துக்கு என்று சொல்லாமல் இருப்பது நல்லது.