டெல்லிக் கோப்பா, ஊட்டி வகுப்பறையா?

கோத்தகிரியில் என் அக்கா மகள் எம்.ஏ. பொருளாதாரம் முடிக்கப் போகிறாள். "சித்தி, ஐ.இ.எஸ். எழுதவா, நெட் எழுதவா?" என்று வாரம் தவறாமல் போன். ஐ.இ.எஸ். என்பது மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு, நெட் என்பது கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தகுதித் தேர்வு. வீட்டில் ஒரு ஏக்கர் தேயிலை. பச்சை இலை விலை விழுந்த மாதம் அந்த வீட்டில் பேச்சே குறைந்துவிடும். அவளுடைய பொருளாதாரம் அங்கேதான் தொடங்கியது.

சம்பளத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. இந்தியப் பொருளாதாரப் பணியில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விகிதத்தில் உதவிப் பேராசிரியருக்கு 57,700.

வயதுதான் இடிக்கிறது. ஐ.இ.எஸ்.ஸுக்குப் பொதுப்பிரிவில் 30-க்குள் எழுதியாக வேண்டும். எழுத்துத் தேர்வு 1000 மதிப்பெண், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும், நேர்முகம் 200. இடங்களோ கைவிரல் கால்விரலுக்குள் அடங்கிவிடும் ஆண்டுகள் உண்டு. நெட்டில் ஆய்வு உதவித்தொகைக்குத்தான் வயது பார்ப்பார்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு உச்ச வரம்பே கிடையாது. ஆனால் நெட் தேறியதும் வேலை காத்திருக்காது. நிரந்தரப் பணியிட அறிவிப்பு வரும்வரை கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் ஓட்டுபவர்கள் எத்தனையோ பேர்.

வேலையின் ருசியும் வேறு. தேயிலை வாரியம் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அங்கே போஸ்டிங் கிடைத்தால் இறக்குமதி வரி பற்றி அவள் எழுதும் குறிப்பு கொள்கையாகவே மாறலாம். ஆனால் அதில் அவள் பெயர் இராது. தேயிலையை விட்டு உரத்துக்கோ ரயிலுக்கோ அனுப்பினாலும் போகத்தான் வேண்டும். ஆய்வாளராக இருந்தால் குன்னூர் தேயிலை ஏல விலைக்கும் விவசாயி கைக்கு வரும் விலைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று வருடக்கணக்கில் தோண்டலாம், தன் பெயரிலேயே வெளியிடலாம். படிப்பவர்கள் நாலு பேர்தான், அது வேறு விஷயம்.

ஒரு வேடிக்கை: மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர் நாற்காலிக்கு கௌசிக் பாசு கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார், ரகுராம் ராஜன் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து. மன்மோகன் சிங்கும் டெல்லியில் பேராசிரியராக இருந்துவிட்டு 1971-இல் அரசு ஆலோசகரானவர்தான். வகுப்பறையிலிருந்து அரசின் மேல்மாடிக்கு ஒரு குறுக்குவழி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஊட்டி வழியாகப் போவதாகத் தெரியவில்லை.

அதனால் நான் சொன்னது: முதலில் நெட், உதவித்தொகையோடு பிஎச்.டி.யில் சேர், 30 வரை ஐ.இ.எஸ்.ஸையும் விடாதே. நுண்பொருளியலும் புள்ளியியலும் படித்தால் இரண்டு தேர்வுக்குமே ஆகும்.

அக்காவுக்கு வாத்தியார் வேலைதான் பிடித்திருக்கிறது. பெண் பக்கத்திலேயே இருப்பாளாம். அரசுக் கல்லூரியில் சேர்ந்தால் ராமநாதபுரத்துக்கும் மாற்றுவார்கள் என்று அக்காவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.