பெர்லின் தற்காப்பு: 4-ஆவது நகர்த்தலில் கோட்டையா, டி3-யா?

சதுரங்கத்தில் ரூய் லோபஸ் என்ற திறப்பில் கறுப்பு தன் 3-ஆவது நகர்த்தலில் குதிரையை எஃப்6-இல் வைப்பதே பெர்லின் தற்காப்பு. அப்போது வெள்ளைக்கு இரண்டு வழிகளே முக்கியம்: கோட்டை கட்டுவது (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது), அல்லது டி3 (சிப்பாயை டி3-க்கு நகர்த்துவது). 2013 சென்னை உலகப் பட்டப் போட்டியில் ஆனந்த், கார்ல்சனுக்கு எதிராக இரண்டையும் ஆடினார். 4-ஆம் ஆட்டத்தில் கோட்டை, 64 நகர்த்தலில் டிரா. 6-ஆம் ஆட்டத்தில் டி3, யானை முடிவாட்டத்தில் தோல்வி. அந்தப் பழி திறப்பைச் சேராது.

கோட்டை கட்டினால் கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை எடுக்கும். 8-ஆவது நகர்த்தலிலேயே ராணிகள் போய்விடும். கறுப்பு ராஜா டி8-இல் மாட்டும், இனிக் கோட்டை கிடையாது, சி நெடுவரிசையில் இரட்டைச் சிப்பாய். ராஜா பக்கம் வெள்ளையின் 4 சிப்பாய்களுக்கு எதிராகக் கறுப்பிடம் 3. காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டுச் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் பெரும்பாலும் வெள்ளைக்கே வெற்றி. ஆனால் வெள்ளை ஒரு மந்திரியைக் கொடுத்துவிட்டது, கறுப்பிடம் இரண்டு மந்திரிகளும் உண்டு. எஃப்5-இல் அமரும் கறுப்புக் குதிரையை எச்3, ஜி4 என்று சிப்பாய்களை நகர்த்தித் தயார்செய்துதான் விரட்ட வேண்டும். 2000 லண்டன் உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக்கின் இந்தச் சுவரைக் காஸ்பரோவால் உடைக்கவே முடியவில்லை.

டி3-யில் ராணிகள் நிற்கும், மனப்பாடமும் குறைவு. ஒரு பொறி மட்டும் கவனம்: கறுப்பு தன் 4-ஆவது நகர்த்தலில் சி6 குதிரையை இ7-க்குப் பின்வாங்கினால் இ5 சிப்பாயை எடுக்காதீர்கள்; கறுப்புச் சிப்பாய் சி6-க்கு வந்ததும் உங்கள் காய் ஒன்று போகும். கிளப் ஆட்டத்துக்கு டி3 போதும்.