அலாய் வீலில் காற்று கசிகிறதா? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு நல்ல டயர் கடை

திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் நிறுத்தப்படும் கார்களின் அலாய் வீலில் ஆணி ஏதும் ஏறாமலேயே காற்று இறங்கினால், டயரின் விளிம்பு ரிம்மில் பதியும் இடத்தில் அலுமினியம் அரித்து வெண்பொடி பூத்திருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்தச் சிறிய கடையில் சோப்பு நீர் தடவி, ரிம் ஓரத்தில் ஊசிமுனைக் குமிழிகள் எழுவதைக் காட்டிய பிறகே டயரைக் கழற்றினார்கள். அரிப்பைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் வழவழப்பாகும் வரை தேய்த்து, டயர் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே காற்று கசியாமல் அடைக்கும் பீட் சீலர் என்ற பசையைப் பூசி, வால்வையும் மாற்றி, பேலன்சிங் செய்து கொடுத்தார்கள். டியூப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கைகழுவும் கடைகளுக்கு நடுவே இந்தப் பொறுமை அபூர்வம்தான். நிரப்பிய 33 பிஎஸ்ஐ காற்றழுத்தம் அப்படியே நிற்கிறது. காத்திருக்க நிழல் இல்லை; ரசீதும் கேட்டால்தான் கிடைக்கும். ரிம்மில் விரிசல் இருந்தால் இவ்வேலை உதவாது என்பதை அவர்களே முதலில் சொல்லிவிடுகிறார்கள்.